ஆங்கில வாக்கியத்தில் வினையடையும் நிபந்தனையும்: பாடநூல் விதிகள் பற்றியதொரு மதிப்பீடு

பிறமொழியொன்றைக் கற்பிக்கும் ஆசிரியர் இலக்கண விதிகளின் துணையின்றி ஓரடியும் எடுத்து வைத்தல் அரிது. தாய்மொழியில் எது வழு, எது வழுவன்று என்பதைச் செவியே தீர்மானித்துவிடும். பிறமொழியில் அத்தகைய செவி வாய்க்கும்வரை விதியையே நம்பவேண்டியுள்ளது. ஆதலின் விதி எத்துணைப் பயனுடையதோ அத்துணைப் பொறுப்போடு கையாளப்பட வேண்டியதுமாகும். பிழையான விதியும், தன் எல்லை கடந்து விரிக்கப்பட்ட விதியும் மாணவரின் செம்மையான வாக்கியத்தைப் பிழையெனத் தள்ளிவிடும்.

நெஸ்பீல்டின் இலக்கண நூல்களும், அவற்றின் பின் 1930களில் வெளிவந்த றென், மாட்டின் என்னும் இருவரது நூலும் பல தலைமுறை மாணவரின் கைகளில் இருந்தவை. அவற்றின் இடத்தைப் புதிய நூல்கள் பெற்றுக்கொண்ட பின்னரும், அவ்வழியில் வந்த விதிகள் ஆசிரியர் நாவிலும் மாணவர் குறிப்புப் புத்தகங்களிலும் இன்றும் வாழ்கின்றன. அவற்றுள் இரு தொகுதிகளை ஈண்டு மதிப்பிட எடுத்துக்கொண்டேன். வினையடை வாக்கியத்தில் நிற்குமிடம் பற்றியவை ஒரு தொகுதி. 'இஃப்' என்னும் சொல்லோடு வரும் நிபந்தனை வினைத்தொடர் பற்றியவை மற்றொரு தொகுதி. எடுத்துக்காட்டு வாக்கியங்களை ஆங்கில ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தருகின்றேன்.

இம்முயற்சிக்கு என்னைத் தூண்டியது என்னுடைய தவறொன்றேயாம். பல ஆண்டுகளின் முன் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதமொன்றைத் திருத்தினேன். நண்பருக்கு நூலொன்றை இரவல் தர முன்வருவதாக அமைந்த கடிதம் அது. "இஃப் இற் வில் ஹெல்ப் யூ, ஐ ஷல் லென்ட் யூ த புக்" என்று அவர் எழுதியிருந்தார். 'இஃப்' என்பதன் பின் 'வில்' வாராது என்ற விதியை நினைந்து, 'வில் ஹெல்ப்' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி 'ஹெல்ப்ஸ்' என எழுதிப் புள்ளியையும் குறைத்தேன். மாணவர் எழுந்து, "சேர், 'உதவினால் தருவேன்' என்று நான் சொல்ல வரவில்லை. 'உதவுமாயின் தருவேன்' என்றுதான் எழுதினேன். இரண்டும் வேறல்லவா?" என்று கேட்டார். விதி இதுதான் என்று விடை கூறி அவரை இருத்தினேன். அன்று அவர் கேட்ட வினாவிலே நல்லதோர் இலக்கண ஆராய்ச்சி அடங்கியிருந்தது என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

வினையடையின் இடம்

வினையையோ, பெயரடையையோ, பிறிதொரு வினையடையையோ விசேடித்து நிற்கும் சொல் வினையடை எனப் பாடநூல்கள் கூறும். மெல்ல என்னும் பொருளதாகிய 'ஸ்லோலி', மட்டும் என்னும் பொருளதாகிய 'ஒன்லி', எனினும் என்னும் பொருளதாகிய 'ஹவெவர்', இல்லை என்னும் பொருளதாகிய 'நொட்' ஆகிய யாவும் இவ்வரைவிலக்கணத்தின்படி ஒரே பெட்டியுள் இடப்படுகின்றன. வேறெந்த வகையிலும் சேராத சொற்களைச் சேர்த்து வைக்கும் இடமாகவே வினையடை என்னும் வகுப்பு நெடுங்காலம் இருந்து வந்தது எனலாம்.

இக்குறையை நீக்கப் பிற்கால அறிஞர் முயன்றனர். குவேர்க், கிறீன்போம், லீச், ஸ்வாட்விக் என்னும் நால்வரும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம் வாக்கியத்தில் அடையாக வரும் கூறுகளை அவை ஆற்றும் தொழில் நோக்கி நான்காகப் பகுத்தது. வினை நிகழ்ந்த விதம், இடம், காலம் முதலியவற்றைக் கூறுவன ஒரு சாரன. வாக்கியத்துள் ஏதேனும் ஓர் உறுப்புக்கு அழுத்தமோ வரையறையோ தருவன மற்றொரு சாரன. சொல்லப்பட்ட செய்தி முழுவதையும் பற்றிப் பேசுவோன் கொண்ட கருத்தைக் கூறுவன மூன்றாம் சாரன. முன் வாக்கியத்தோடு பின் வாக்கியத்தைத் தொடுப்பன நான்காம் சாரன.

இப்பகுப்பின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 'நச்சுரலி' என்பது இயல்பாக என்னும் பொருளது. "ஹி டிட் நொட் ஸ்பீக் நச்சுரலி" என்று அது இறுதியில் வரின், அவன் பேசினான், ஆனால் அப்பேச்சில் இயல்புத்தன்மை இல்லை என்பது பொருள். "நச்சுரலி, ஹி டிட் நொட் ஸ்பீக்" என்று அது முதலில் வந்து சிறிது ஓசை நிறுத்தமும் பெறின், அவன் பேசவேயில்லை, அவ்வாறு பேசாதிருந்தது எதிர்பார்க்கத்தக்கதே என்பது பொருள். முன்னையதில் அச்சொல் பேசுதல் என்னும் வினையைப் பற்றியது; பின்னையதில் செய்தி முழுவதையும் பற்றியது. "வினையை விசேடிப்பது" என்ற வரைவிலக்கணத்தை மனனஞ் செய்த மாணவர் இரண்டு வாக்கியத்திலும் அச்சொல்லை வினையடை என்று பெயர் குறித்து முழுப்புள்ளியும் பெறலாம். ஒருவன் பேசினானா, பேசவில்லையா என்பதை அவர் அறிந்தாரா என்பது மட்டும் சோதிக்கப்படாமற் போகின்றது.

இனி இடம் பற்றிய விதிக்கு வருவாம். அடை தான் விசேடிக்கும் சொல்லுக்கு அருகில் நிற்றல் வேண்டும் என்பது அவ்விதி. இதன் வரலாறு பழையது. பின்னாளில் இலண்டன் ஆயராகப் பதவி வகித்த ரொபேட் லோத் 1762இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்திலேயே இக்கருத்து வற்புறுத்தப்பட்டுள்ளது. பொதுவாக நோக்குமிடத்து இது நல்ல அறிவுரையே. ஆயின் இதனை முழு விதியாகக் கொள்ளும் தமிழ் மாணவர் எங்கே சென்று முடிகின்றார் என்பதைக் காண்போம்.

"அவன் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறான்" என்பது தமிழ் வாக்கியம். இதில் 'நன்றாக' என்னும் அடை வினையை ஒட்டியே நிற்கின்றது. மாணவர் இதனை ஆங்கிலப்படுத்தும்போது "ஹி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்" என்று எழுதுகின்றார். நாம் அதனைப் பிழையென்கிறோம். பிழைதான், ஆனால் எந்த விதிப்படி பிழை? அடை வினைக்கு அருகில் நிற்கவேண்டும் என்ற விதியை அவர் மீறவில்லை. அதனைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றியிருக்கின்றார். அவர் அறியாதது, பாடநூல் அழுத்திக் கூறாத வேறோர் உண்மையாகும். ஆங்கிலத்தில் வினையும் அதன் செயப்படுபொருளும் நெருங்கிய உறவுடையன. அவ்விரண்டுக்குமிடையே அடையொன்று புகுவதை அம்மொழி எளிதில் ஏற்பதில்லை. ஆதலின் 'வெல்' என்பது செயப்படுபொருளையும் கடந்து வாக்கிய இறுதிக்குச் செல்கின்றது. தமிழில் செயப்படுபொருளை இரண்டாம் வேற்றுமை உருபு காட்டுகின்றது. உருபு தொக்கு நிற்கும் இடத்தும் பெயர் வினைக்கு முன்னே நின்று தன் உறவை உணர்த்துகின்றது. இடையே அடை வருவதாற் கேடில்லை. ஆங்கிலப் பெயர்க்கு அத்தகைய உருபு இல்லாமையால், வினையை அடுத்து நிற்கும் அவ்விடமே உருபின் தொழிலைச் செய்கின்றது. இவ்வேறுபாட்டை ஒருமுறை விளங்கவைத்தால் நூறுமுறை திருத்த வேண்டியதில்லை.

அருகில் நிற்றல் என்னும் விதி மிகவும் வற்புறுத்தப்படும் சொல் 'ஒன்லி' ஆகும். "ஐ ஸோ கண்ணன்", அதாவது நான் கண்ணனைக் கண்டேன் என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'ஒன்லி' என்பதை வாக்கிய முதலில் வைத்தால், கண்டவன் நான் ஒருவனே என்றாகும். 'கண்ணன்' என்ற பெயரின் முன் வைத்தால், வேறெவரையும் காணவில்லை என்றாகும். வினைக்கு முன், "ஐ ஒன்லி ஸோ கண்ணன்" என்று வைத்தால் இரண்டு பொருள் பிறக்கும்: கண்ணனைக் கண்டது மட்டுமே, பேசவில்லை என்பது ஒன்று, கண்ணனை மட்டுமே கண்டேன் என்பது மற்றொன்று. பேச்சில் இம்மயக்கம் எழுவதில்லை. எந்தச் சொல்லைப் பேசுவோன் அழுத்தி உச்சரிக்கின்றானோ அந்தச் சொல்லோடு 'ஒன்லி' சென்று சேர்ந்துகொள்ளும். எழுத்துக்கு அவ்வழுத்தம் இல்லை.

இக்காரணம் பற்றியே ஆங்கில அறிஞரிடையும் கருத்து வேறுபாடு நிலவியது. 1926இல் வெளிவந்த தம் சொல்வழக்கு அகராதியில் பவுலர், மயக்கத்திற்கு இடமில்லாத வாக்கியங்களிலும் 'ஒன்லி' இடம்மாறி நிற்பதாகக் குற்றங்கூறுவோரைக் கண்டித்தார். ஆங்கிலேயர் இயல்பாக வினைக்கு முன் வைத்துப் பேசும் சொல்லை ஒவ்வொரு முறையும் பிடுங்கி வேறிடத்தில் நடுதல் வீண் கடுமை என்பது அவர் நிலை. எனவே நாம் மாணவருக்குக் கூறவேண்டியது இவ்வளவே: வினைக்கு முன் 'ஒன்லி' வருதல் வழுவன்று, எழுத்தில் பொருள் மயங்குமாயின், அது பற்றி நிற்கும் சொல்லின் அருகே அதனை வைக்க. மயக்கம் உளதா என்று சிந்திக்கக் கற்பித்தலே ஆசிரியர் கடன்.

இவ்விடத்தில் தமிழ் மாணவருக்கு ஒரு பெருவசதி உண்டு. 'ஒன்லி' செய்யும் தொழிலை நம் மொழியில் பிரிநிலை ஏகாரமும், 'தான்', 'மட்டும்' என்பனவும் செய்கின்றன. அவை தாம் வரையறுக்கும் சொல்லோடு ஒட்டியே நிற்பன. நானே கண்ணனைக் கண்டேன், நான் கண்ணனையே கண்டேன் என்னும் இரண்டும் எக்காலத்தும் மயங்கா. கூட என்னும் பொருளில் வரும் 'ஈவின்' என்பதற்கு நம் சிறப்பும்மை விடையாகின்றது. முன் சொன்னதோடு சேர்த்துக் கூறும் 'ஓல்சோ' என்பதற்கு எச்சவும்மை விடையாகின்றது. ஆங்கில வாக்கியத்தைக் கண்ட மாணவரிடம் "இங்கே ஏகாரத்தை எந்தச் சொல்லோடு ஒட்டுவீர்?" என்று கேட்டுப் பாருங்கள். வினையடை வகை கூறு என்னும் வினாவால் வெளிவராத விளக்கம் இவ்வொரு வினாவால் வெளிவரும்.

வடிவத்தை மட்டும் நோக்கும் பயிற்சியின் விளைவாக எழும் பிழை மற்றொன்று. பெயரடையோடு 'லி' சேர்த்தால் வினையடையாகும் என்று கற்ற மாணவர், கடுமையாக உழைக்கிறான் என்பதற்கு "ஹி வேர்க்ஸ் ஹாட்லி" என்று எழுதுகின்றார். 'ஹாட்' என்பதே அங்கு வேண்டிய வினையடை. 'ஹாட்லி' என்பதோ அரிதாகவே, இல்லையென்னும் அளவிலே என எதிர்மறை தழுவிய பொருளைத் தருவது. உழைப்பாளி ஒருவரைப் புகழ எழுந்த வாக்கியம் அவரைச் சோம்பேறியாக்கி முடிகின்றது.

நிபந்தனையும் காலமும்

நிபந்தனை வாக்கியங்களை முதலாம் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என மூன்றாக்கிக் கற்பித்தல் இன்று எங்கும் பரவிய வழக்கம். "இஃப் இற் ரெயின்ஸ்" என நிகழ்கால வடிவம் வரின் தலைமை வாக்கியத்தில் 'வில்' வரும். "இஃப் இற் ரெயின்ட்" என இறந்தகால வடிவம் வரின் 'வுட்' வரும். "இஃப் இற் ஹட் ரெயின்ட்" என வரின் 'வுட் ஹாவ்' வரும். தொடங்குவோருக்கு இம்மூன்று அச்சுகளும் உதவுவன என்பதில் ஐயமில்லை. உயர் வகுப்பிலும் இவற்றைக் கடக்கவிடாது நிறுத்துவதே குறை.

முதலில் எழும் இடர் இரண்டாம் வகையிற் காணப்படும். நாளைய மழையைப் பற்றிப் பேசும்போது 'ரெயின்ட்' என்ற இறந்தகால வடிவம் ஏன் வருகின்றது? இறந்தகாலம் என்பது நடந்து முடிந்ததைக் கூறுவது என்று ஐந்து ஆண்டுகள் கற்ற மாணவருக்கு இது புதிராகின்றது. டென்மார்க்கு அறிஞர் யெஸ்பேர்சன் இதனை இறந்தகால வடிவத்தின் கற்பனை வழக்கு என விளக்கினார். ஹடில்ஸ்ரன், புல்லம் என்போரின் தலைமையில் 2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் பேரிலக்கணம், நிபந்தனைகளைத் திறந்த நிபந்தனை, தொலைவு நிபந்தனை என இரண்டாக்கியது. நடக்கவுங் கூடும் எனப் பேசுவோன் திறந்துவிட்டது முன்னது. உண்மையிலிருந்து அப்பால் வைத்துக் கற்பனையாகப் பேசுவது பின்னது. காலத்தால் அப்பாலுள்ளதைக் காட்டும் வடிவத்தையே உண்மையால் அப்பாலுள்ளதைக் காட்டவும் ஆங்கிலம் பயன்படுத்துகின்றது என்பது இதன் சாரம்.

வியப்பு என்னவெனில், இவ்வுண்மை தமிழருக்குப் புதியதன்று. "நாளை மழை பெய்தால்" என்று நாம் நாள்தோறும் கூறுகின்றோம். 'பெய்தால்' என்பதைப் பிரித்து நோக்கின், பெய் என்னும் பகுதியும், தகரமாகிய இறந்தகால இடைநிலையும், 'ஆல்' என்னும் விகுதியும் தோன்றும். 'வந்தால்', 'சென்றால்', 'கண்டால்' என்பனவும் அத்தன்மையன. நாளைய நிகழ்ச்சிக்கு இறந்தகால இடைநிலை! பழைய 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தில், அதாவது 'பெய்யின்', 'காணின்' என்பவற்றில், அவ்விடைநிலை இல்லை. நன்னூலார் அவ்வாய்பாட்டை எதிர்கால வினையெச்சங்களுள் வைத்தார். அதன் பொருளையே இன்று நாம் இறந்தகால அடியின்மேல் எழுந்த 'செய்தால்' என்னும் வடிவத்தால் உணர்த்துகின்றோம். மேலும், விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களால் ஒரு காலத்துக்குரிய வடிவம் பிறிதொரு காலத்திற்கு வருதலைக் காலவழுவமைதி என நம் இலக்கணகாரர் ஏற்றுக்கொண்டுள்ளனர். புறப்படாதவன் "இதோ வந்துவிட்டேன்" என்று கூறுதலை நாம் பொய்யென்பதில்லை. கால வடிவம் வேறு, காலம் வேறு என்னும் பாடத்தைத் தமிழ் வகுப்பில் கற்ற மாணவர், ஆங்கில வகுப்பில் அதனை மறந்துவிடும்படி செய்கின்றோம்.

ஆயின் இங்கேயே ஒரு வேறுபாடும் உண்டு. மாணவரின் பிழைகள் பெரும்பாலும் அவ்விடத்திலேயே பிறக்கின்றன. "என்னிடம் பணம் இருந்தால் வாங்குவேன்" என்று தமிழிற் கூறும்போது, இருக்கவுங் கூடும் என்ற கருத்தா, இல்லையே என்ற கருத்தா என்பது வினைவடிவால் தெரிவதில்லை. சந்தர்ப்பமும் குரலுமே அதனைத் தெரிவிக்கும். ஆங்கிலத்தில் முன்னையதற்கு 'இஃப் ஐ ஹாவ்', 'ஐ வில்' என்றும், பின்னையதற்கு 'இஃப் ஐ ஹட்', 'ஐ வுட்' என்றும் வடிவங்கள் வேறுபடுகின்றன. தமிழ் ஒன்றாய் வைத்ததை ஆங்கிலம் இரண்டாக்கியமையால் மாணவர் இரண்டையும் கலந்து, முன்பாதிக்கு 'ஹாவ்' என்பதையும் பின்பாதிக்கு 'வுட்' என்பதையும் எழுதுகின்றார். மாறாக, கடினமானதென்று கருதப்படும் மூன்றாம் வகையில் அவர் அத்துணை இடர்ப்படுவதில்லை. "வந்திருந்தால் கண்டிருப்பேன்" என்று தமிழிலும் தனி வடிவம் இருத்தலே காரணம். மூன்று வகைக்கும் ஒத்த அளவு பயிற்சி தந்து செல்லும் பாடநூல், வேறெங்கோ உள்ள மாணவரை நோக்கி எழுதப்பட்டது. எங்கே இடறுவார் என்பதை அறிந்து அவ்விடத்தில் நின்று கற்பித்தல் நம் பொறுப்பாகும்.

மூன்று அச்சுகளுள்ளும் அடங்காத வாக்கியங்கள் பல. "அன்று படித்திருந்தால் இன்று வைத்தியராக இருப்பான்" என்பதில் நிபந்தனை இறந்தகாலத்தது, விளைவு நிகழ்காலத்தது. ஆங்கிலத்திலும் 'ஹட் ஸ்ரடிட்' என்பதோடு 'வுட் பி' சேர்ந்து வருதல் முற்றும் செம்மையான வழக்கே. அச்சை மனனஞ் செய்தவர் இதனைப் பிழையெனத் திருத்துவர். இன்னும் "தாகமாயின் பானையில் தண்ணீர் இருக்கிறது" என்பது போன்ற வாக்கியங்களும் இரு மொழியிலும் உண்டு. தாகம் இல்லாவிடினும் தண்ணீர் பானையில் இருக்கத்தான் செய்யும். நிபந்தனை தண்ணீர் இருத்தலைப் பற்றியதன்று. அதனை எடுத்துச் சொல்வதைப் பற்றியது. ஒக்ஸ்போர்ட் தத்துவ அறிஞர் ஒஸ்ரின் 1956இல் ஆற்றிய விரிவுரையொன்றில் இத்தகைய 'இஃப்' பற்றிச் சிந்தித்தார்.

'இஃப்' என்பதன் பின் ஒருமையிலும் 'வேர்' என்றே வரவேண்டும் என்பது மற்றொரு விதி. "இஃப் ஐ வேர்" என்பது பழைய ஆங்கிலக் கற்பனை வினைவடிவின் எச்சம். உண்மைக்கு அப்பாற்பட்ட நிபந்தனைக்கே உரியது. எழுத்து நடையில் அதனைப் பேணுதல் நன்றே. ஆனால் நேற்று உண்மையில் நடந்திருக்கக்கூடிய ஒன்றைப் பற்றிக் கூறும்போது அது பொருந்தாது. "நேற்று அவன் மரியாதையின்றி நடந்தானாயின் அதற்காக வருந்துகிறேன்" என்பதை ஆங்கிலத்தில் "இஃப் ஹி வொஸ் றூட்" என்றே தொடங்கவேண்டும். 'வேர்' என எழுதின், அவன் அவ்வாறு நடக்கவில்லை என்பது தொனித்து, வருத்தம் தெரிவித்தற்கே இடமில்லாது போய்விடும். தமிழ் இவ்விரண்டையும் 'நடந்தானாயின்' எனவும் 'நடந்திருந்தால்' எனவும் வேறுபடுத்தி வைத்திருத்தலை நோக்குக.

இப்பொழுது என் மாணவரின் வாக்கியத்திற்கு மீளுவோம். 'இஃப்' என்பதன் பின் 'வில்' வாராமைக்குக் காரணம் யாது? "நாளை மழை பெய்தால்" என்பவன், மழை பெய்யும் என்று எதிர்வு கூறவில்லை, பெய்வதாக வைத்துக்கொள்கின்றான். அதற்கு நிகழ்கால வடிவமே போதும். 'வில்' என்பதோ வெறும் எதிர்காலக் குறியன்று. விரும்புதல் என்னும் பொருளுடைய பழைய வினையிலிருந்து வந்த துணைவினை அது. இன்றும் இசைவையும், உறுதியையும், எதிர்வு கூறலையும் உணர்த்தும். அப்பொருள்கள் வேண்டப்படுமிடத்து 'இஃப்' என்பதன் பின்னும் அது வரும். "இஃப் யூ வில் வெயிற்" என்பது, காத்திருக்க இசைவீராயின் என்னும் பொருளது. "இஃப் த டோர் வோண்ட் ஓப்பன்" என்பது, கதவு திறக்க மறுக்குமாயின் என்னும் பொருளது. மடல்களில் வரும் 'இஃப் யூ வுட்' என்பதும் இசைவை வேண்டும் பணிவு வழக்கே. நான் மாணவனாயிருந்த காலத்தில் விண்ணப்பக் கடிதமொன்றில் அவ்வாறு எழுதியதற்காகக் கண்டிக்கப்பட்டேன். பின்னர் அலுவலகக் கடிதங்கள் பலவற்றில் அதே தொடரைக் கண்டபோதும், நான் பெற்ற விதியை ஐயுறாது என் மாணவர்க்கும் வழங்கினேன்.

"இஃப் இற் வில் ஹெல்ப் யூ" என்பதில் உள்ளது எதிர்வு கூறல். நூலைக் கொடுத்த பின்னரே உதவி நிகழும். நிபந்தனை விளைவுக்குப் பிந்தியது. இந்நூல் உமக்கு உதவும் என்பது இப்பொழுது உண்மையாயின், இப்பொழுதே தருகின்றேன் என்பது கருத்து. 'உதவினால் தருவேன்' என்றால், முதலில் உதவட்டும், பின்னர் தருகிறேன் என்ற பொருந்தாப் பொருளும் எழக்கூடும். 'உதவுமாயின்' என்பதில் உதவும் என்னும் முற்று முழுமையாக நின்று, அதன்மேல் 'ஆயின்' ஏறியுள்ளது. முற்றின்மேல் எழும் நிபந்தனைக்கும் எச்சத்தால் எழும் நிபந்தனைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை என் மாணவர் தம் தாய்மொழியிலிருந்து உணர்ந்து, அதற்கேற்ற ஆங்கில வடிவத்தையும் சரியாகவே தேர்ந்திருந்தார். நான் இட்ட 'ஹெல்ப்ஸ்' என்பது ஆங்கிலத்தில் வழுவன்று. ஆயினும் அவர் எழுதியது வழுவென்று வெட்டியதற்கு எனக்கு ஓர் ஆதாரமும் இருந்ததில்லை. பிற்காலப் பேரிலக்கணங்கள் அவ்வழக்கை எடுத்துக்காட்டி விளக்குகின்றன.

இரண்டும் சேருமிடம்

வினையடையையும் நிபந்தனையையும் பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கின்றன. உண்மையான வாக்கியங்களில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. 'ஒன்லி இஃப்' என்பதற்கும் 'இஃப் ஒன்லி' என்பதற்கும் சொற்கள் அவையே, இடமே வேறு. முன்னது, வந்தால் மட்டுமே என நிபந்தனையை இறுக்குவது. பின்னது, வரக்கூடாதா, வந்திருக்கக்கூடாதா என ஏக்கத்தை வெளியிடுவது. 'ஈவின் இஃப்' என்பது வந்தாலும் என நிபந்தனையின் வலியை நீக்குவது. ஆங்கிலம் இரு சொற்களாற் கூறுவதைத் தமிழ் 'வந்தால்' என்பதன்மேல் ஓர் உம்மையை ஏற்றி முடித்துவிடுகின்றது. 'அன்லெஸ்' என்பது வந்தாலன்றி என்பதாம். இதனை எதிர்மறையென உணராத மாணவர், அதன் பின் மீண்டும் 'நொட்' சேர்த்துப் பொருளைத் தலைகீழாக்குகின்றார்.

இவை பரீட்சைப் புள்ளியோடு முடியும் செய்திகளல்ல. மருந்துச் சிட்டையொன்றில் "டேக் திஸ் ஒன்லி இஃப் த பெயின் றிட்டேர்ன்ஸ்" என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். நோ திரும்பினால் மட்டுமே இதனை உட்கொள்க என்பது பொருள். நோ இல்லாதபோது உட்கொள்ளலாகாது. "இஃப் த பெயின் றிட்டேர்ன்ஸ், டேக் ஒன்லி திஸ்" என்றிருப்பின், நோ திரும்பினால் இதனை மட்டுமே உட்கொள்க, வேறு மருந்து கூடாது என்பது பொருள். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் நம் மாணவர் ஒருவரே என்றால், பாட்டனாருக்கு அச்சிட்டையை வாசித்துப் பொருள் சொல்பவர் அவரே. 'ஒன்லி' வினையடை எனவும், 'இஃப்' இணைப்புச்சொல் எனவும், வாக்கியம் முதலாம் வகையைச் சேர்ந்தது எனவும் அவர் பிழையின்றிக் கூறலாம். 'மட்டும்' என்பதை 'திரும்பினால்' என்பதோடு சேர்ப்பதா, 'இதனை' என்பதோடு சேர்ப்பதா என்பதை அவர் அறியாராயின், அவருக்கு நாம் கற்பித்த இலக்கணத்தால் விளைந்த பயன் யாது? வாடகை உடன்படிக்கை, வேலை நியமனக் கடிதம், வங்கிப் பத்திரம் ஆகிய யாவற்றிலும் ஒருவரது உரிமை இத்தகைய சிறு சொற்களின் இடத்திலேயே தங்கியுள்ளது.

எனவே பழைய விதிகளை முற்றாக எறிந்துவிடவேண்டும் என்பது என் கருத்தன்று. கீழ்வகுப்புக்கு அவை வேண்டும். மேல்வகுப்பில் ஒவ்வொரு விதியோடும் அதன் காரணத்தையும் எல்லையையும் சேர்த்துக் கூறல் வேண்டும். வினையடையைக் கண்டால் அதன் வகையைக் கேட்குமுன் அது எதனைப் பற்றி நிற்கின்றது என்று கேட்போம். நிபந்தனையைக் கண்டால் அதன் எண்ணைக் கேட்குமுன், பேசுவோன் அதனை நடக்கக்கூடியதாகக் கருதுகின்றானா, அப்பாற்பட்டதாகக் கருதுகின்றானா என்று கேட்போம். அவ்விரு வினாவுக்கும் மாணவர் தமிழிலே விடை தேடுவாராயின் அதனைத் தடுக்காதிருப்போம். இலக்கணச் சுருக்கத்தை மாணவர்க்கென எளிய உரைநடையில் எழுதிய நாவலரின் வழிவந்த தமிழ்க் கல்வி, ஆங்கில வகுப்பின் வாயிலில் காத்திருக்கவேண்டியதில்லை.

அம்மாணவர் கல்லூரியை விட்டுச் சென்று பல ஆண்டுகளாயின. வெட்டிய சொல்லை மீள எழுதவோ, குறைத்த புள்ளியைத் திருப்பிக் கொடுக்கவோ இனி இயலாது. இச்சஞ்சிகை பழைய மாணவர் கைகளுக்கும் செல்வதாகையால், அவரும் இதனை வாசிக்கக்கூடும். வாசிப்பாராயின், அவர் எழுதியது சரியே என்பதை இக்கட்டுரை வாயிலாக அறிந்துகொள்வாராக.